ரவுட்டர் உள்ளே விடவில்லையா? ரீபூட் செய்யும் முன் விடிஒய் லைனைப் பாருங்கள்

சிஸ்கோ ரவுட்டருக்குப் பிங் போகிறது. கிளை அலுவலகத்தில் நெட்டும் ஓடுகிறது. ஆனால் புட்டியில் (தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் போக உதவும் மென்பொருள்) ஐபி கொடுத்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வருகிறது. உடனே ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யத்தான் கை போகும். தயவுசெய்து வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளைக்குப் போன் போட்டு அப்படிச் செய்யச் சொன்னேன். ரவுட்டர் எழுந்து வரும்வரை பில் கவுண்டரில் கூட்டம் நின்றது. யாரோ சேவ் செய்யாமல் விட்டிருந்த கான்ஃபிக்கும் (ரவுட்டரின் அமைப்புகள்) போயிற்று.

தொலைவிலிருந்து வருகிற ஒவ்வொருவருக்கும் ரவுட்டர் ஒரு விடிஒய் லைன் (கேபிள் இல்லாமல், மென்பொருளில் மட்டும் இருக்கும் நுழைவழி) ஒதுக்குகிறது. கான்ஃபிக்கில் 'லைன் விடிஒய் 0 4' என்று இருந்தால் 0 முதல் 4 வரை மொத்தம் 5 லைன்கள். ஆறாவது ஆளுக்கு இடமில்லை. ஐந்து பேரும் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும் என்றில்லை. பாதியில் விபிஎன் அறுந்துபோனவரின் செஷனும் ஒரு லைனைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

சரி, எப்படி உள்ளே போவது? ஏற்கெனவே உள்ளே இருக்கும் சக ஊழியர் யாராவது இருந்தால் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கணினியை ரவுட்டரோடு நேரடியாக இணைக்கும் கன்சோல் கேபிள்தான்: 9600 வேகம், 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். கன்சோல் தனி லைன் என்பதால் விடிஒய் நிரம்பியிருந்தாலும் அது திறக்கும்.

உள்ளே போனதும் எனேபிள் மோடில் ('எனேபிள்' அடித்துப் போகும் முழு அதிகார நிலை) 'ஷோ யூசர்ஸ்' கொடுங்கள். (கட்டளைகளை ஒலிப்பில் எழுதுகிறேன்; அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.) இப்படி வரும்:

* 0 கான் 0
2 விடிஒய் 0
3 விடிஒய் 1
4 விடிஒய் 2
5 விடிஒய் 3
6 விடிஒய் 4

நட்சத்திரம் இருப்பது உங்கள் லைன். பக்கத்தில் 'ஐடில்' நேரமும், எந்த ஐபியிலிருந்து வந்தார்கள் என்பதும் இருக்கும். மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஐபி யாருடையது என்று தெரிந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த கட்டளையில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். மேலே ஒவ்வொரு விடிஒய் வரியிலும் இரண்டு எண்கள் உள்ளன, பாருங்கள்: முதலில் ரவுட்டரின் பொது லைன் எண், கடைசியில் விடிஒய் எண். 'க்ளியர் லைன் 3' என்றால் விடிஒய் 1 போகும். 'க்ளியர் லைன் விடிஒய் 3' என்றால் விடிஒய் 3 போகும். ஒரு சொல்லை விட்டதற்கு, நடுராத்திரியில் கான்ஃபிக் மாற்றிக்கொண்டிருக்கும் இன்னொருவரை வெளியே தள்ளிவிடுவீர்கள். எப்போதும் 'விடிஒய்' சேர்த்தே அடித்துப் பழகுங்கள். உறுதி கேட்கும், என்டர் தட்டினால் போதும்.

இனி இது திரும்ப வராமல் இருக்க, 'ஷோ ரன்' எடுத்து விடிஒய் பகுதியைப் பாருங்கள். அங்கே 'எக்ஸெக்-டைம்அவுட் 0 0' இருந்தால் நோய் அதுதான். சும்மா கிடக்கும் செஷனை ஒருநாளும் வெளியேற்றாதே என்று பொருள். லேபில் வசதிக்காகப் போட்டது அப்படியே கிளைக்கு வந்துவிடுகிறது. இயல்பான அளவு 10 நிமிடம். நான் 'எக்ஸெக்-டைம்அவுட் 5 0' (5 நிமிடம், 0 நொடி) வைக்கிறேன். அப்புறம், குளோபல் கான்ஃபிக்கில் 'சர்வீஸ் டிசிபி-கீப்அலைவ்ஸ்-இன்' சேருங்கள். மறுமுனை செத்துப்போன இணைப்புகளை ரவுட்டரே கண்டுபிடித்து விடுவிக்கும்.

ஸ்விட்ச்களில் பெரும்பாலும் 0 முதல் 15 வரை லைன்கள் இருக்கும். 0 முதல் 4 வரை மட்டும் பாஸ்வேர்டு வைத்துவிட்டு மீதியை மறந்திருந்தால், டெல்நெட்டில் (தொலைவிலிருந்து உள்ளே வரும் பழைய முறை) வரும் ஆறாவது ஆளுக்கு 'பாஸ்வேர்டு ரெக்வயர்டு, பட் நன் செட்' என்று வந்து இணைப்பு அறுந்துவிடும். காரணம் அதே நெரிசல்தான்.

இடம் காலியாக இருந்தும் மறுத்தால், விடிஒய்யில் 'ஆக்சஸ்-கிளாஸ்' (எந்த ஐபிகள் உள்ளே வரலாம் என்ற கட்டுப்பாடு) இருக்கிறதா, அதில் உங்கள் ஐபி அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதே ஆக்சஸ்-கிளாஸை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: கடைசி விடிஒய்க்கு மட்டும் அட்மின் கணினியின் ஐபியை அனுமதித்து வையுங்கள். மற்ற நான்கும் நிரம்பினாலும் அந்த ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கும்.

மாற்றங்களை 'ரைட் மெமரி' கொடுத்துச் சேமியுங்கள். வெளியே வரும்போது 'எக்ஸிட்' அடித்துவிட்டு வாருங்கள்.