புரண்டு படுத்தால் தலை சுற்றுகிறதா? எப்லி முறையை வீட்டில் செய்வது எப்படி

படுக்கையில் புரண்டதும் அறை பம்பரமாகச் சுற்றுகிறது. அசையாமல் கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. மறுபடி புரண்டால் மறுபடியும் சுற்றல். பித்தம், ரத்தக்குறைவு, கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் இந்த வகைச் சுற்றலின் வேர் பெரும்பாலும் உள்காதில் இருக்கிறது.

தலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை அறிய, ஒவ்வொரு உள்காதிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றை ஒட்டிய சிறு பையில், பசை போன்ற படலத்தின் மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கும். வயதாலோ தலையில் பட்ட அடியாலோ, பல சமயம் காரணமே தெரியாமலோ, சில துகள்கள் உதிர்ந்து குழாய்க்குள் போய்விடுகின்றன. நாம் படுக்கும்போது அவை உருண்டு திரவத்தையும் இழுத்துச் செல்லும். 'தலை சுழல்கிறது' என்று காது மூளைக்குச் சொல்லும். 'இல்லையே' என்று கண் மறுக்கும்.

மாத்திரை குமட்டலைத் தணிக்கலாம், துகளை நகர்த்தாது. அதை நகர்த்தப் புவியீர்ப்பு வேண்டும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறை அதைத்தான் பயன்படுத்துகிறது.

தொடங்குமுன்

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் பலவீனம், திடீர்க் கடும் தலைவலி, நிற்கவே முடியாத நிலை ஆகியவற்றில் ஏதேனும் சுற்றலோடு சேர்ந்து வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம். கழுத்து எலும்பு, கழுத்து ரத்தக்குழாய், விழித்திரை ஆகியவற்றில் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. முதல் தடவை ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்தக் காது?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நானும் முதல் நாள் பக்கத்தை மாற்றிச் செய்துவிட்டு, முறையையே குறை சொன்னேன்.

மெத்தையில் கால் நீட்டி உட்காருங்கள். படுக்கும்போது தோள்பட்டைக்கு அடியில் வருமாறு பின்னால் ஒரு தலையணை இருக்கட்டும். அது தலைக்கு அடியில் வந்துவிட்டால் பயனில்லை. முகத்தை வலப்புறம் 45 பாகை திருப்பி, அப்படியே சட்டென்று மல்லாந்து படுங்கள். தலை சற்றே பின்னோக்கித் தொங்க வேண்டும். கண்ணை மூடாதீர்கள். பொதுவாகச் சில விநாடிகள் கழித்தே சுற்றல் தொடங்கும், அதனால் அவசரப்பட்டு எழாதீர்கள். அப்போது விழிகள் துடிப்பதைத் துணைக்கு இருப்பவர் பார்க்கலாம். சுற்றினால் வலக்காது. இல்லையென்றால் எழுந்து, சற்று ஓய்ந்து, இடப்புறம் சோதியுங்கள்.

படி 2: துகளை உருட்டுதல்

வலக்காது என்று வைத்துக்கொள்வோம். இடக்காது என்றால் எல்லாவற்றையும் பக்கம் மாற்றிச் செய்யுங்கள்.

முகம் வலப்புறம் திரும்பியபடி படுத்த அதே நிலையில், சுற்றல் நிற்கும்வரை, குறைந்தது 30 விநாடி இருங்கள். துகள் குழாயின் பாதி வழியைக் கடக்க அந்த நேரம் தேவை.

தலையைத் தூக்காமல் இடப்புறமாக 90 பாகை திருப்புங்கள். மீண்டும் 30 விநாடி.

இப்போது உடலோடு சேர்ந்து இடப்புறம் புரண்டு, மூக்கு தரையை நோக்கும்படி படுங்கள். இங்கேயும் 30 விநாடி. சுற்றல் மீண்டும் தலைகாட்டினால் பயப்பட வேண்டாம், துகள் நகர்கிறது என்று பொருள்.

கடைசியாக, தாடையைத் தாழ்த்தியபடி இடப்பக்கமாகவே மெல்ல எழுந்து உட்காருங்கள். துகள் தன் பழைய பைக்குள் விழுந்திருக்க வேண்டும். உடனே நிற்காமல் சில நிமிடங்கள் உட்கார்ந்தே இருங்கள்.

பிறகு

ஒரு முழு நாள் சுற்றல் இல்லாமல் கழியும்வரை, தினம் மூன்று முறை செய்யலாம். உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு இப்போது தேவையில்லை. தள்ளாட்டம் போன்ற உணர்வு சில நாட்கள் நீடிப்பதுண்டு.

ஒரு வாரத்தில் குறையவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். துகள் வேறொரு குழாயில் இருக்கலாம்; அதற்கு உருட்டும் விதமே வேறு. காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவு, மணிக்கணக்கில் நீளும் சுற்றல் என்றால் அது உள்காதின் வேறொரு கோளாறான மெனியர் நோயாக இருக்கக்கூடும். அதை எப்லி முறை தீர்க்காது.