கடன் கொப்பியைக் கூகுள் சீட்ஸில் ஏற்றுவது எப்படி: முதலில் ஆளுக்கொரு எண்

கொழும்பு கெய்சர் வீதியில் மாமாவுக்கு ஒரு துணிக்கடை. சின்னக் கடைதான். ஆனால் கடனுக்குத் துணி எடுத்துப்போய் மாதக் கடைசியில் காசு தரும் தையற்காரர்களும் வெளியூர் வியாபாரிகளும் எழுபது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அத்தனை கணக்கும் ஒரே ஒரு சீஆர் கொப்பியில் இருந்தது. ஒருநாள் மழைத் தண்ணீர் பட்டு நாலு பக்கம் ஊறிப்போனது. "தம்பி, இதைக் கணனியில ஏத்தித் தாடா" என்றார் மாமா.

இரண்டு தடவை பிழையாகச் செய்தேன், மூன்றாவது தடவை சரியாக வந்தது. அந்த மூன்றாவது முறைதான் இங்கே. கூகுள் கணக்குத் திறக்கவும் தமிழில் தட்டச்சுச் செய்யவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கூகுள் சீட்ஸ் என்பது கட்டம் கட்டமாகக் கணக்கு எழுதும், இணையத்தில் இயங்கும் விரிதாள். ஏன் அது? எக்செல் நல்லதுதான், லிப்ரே ஆபிஸ் இலவசம்தான். ஆனால் கடைக்கு நான் சீட்ஸைத்தான் சொல்வேன். சேமிக்கும் வேலை தானாக நடக்கும், கரண்ட் போனாலும் எழுதியது போகாது. யாராவது தவறுதலாக அழித்துவிட்டால் பதிப்பு வரலாற்றைத் திறந்து நேற்றைய தாளை மீட்டு எடுக்கலாம். மாமா வீட்டில் இருந்தபடி போனிலும் பார்க்கலாம்.

1. கொப்பியை வாசியுங்கள்

கொப்பியில் ஒரு வரி இப்படி இருந்தது: "சிவா, பொப்லின் 10 யார், 6150/=". இது தரவு. "சிவா இன்றுவரை எவ்வளவு தரவேண்டும்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் தகவல். பாடப் புத்தகத்தில் இந்த வித்தியாசத்தைப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஏறவில்லை. மாமா பதினைந்து பக்கம் புரட்டி, கல்குலேட்டரில் தட்டி ஒருவருடைய நிலுவையைக் கண்டுபிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அந்தப் புரட்டலையும் கூட்டலையும் கணனியிடம் கொடுக்கப்போகிறோம்.

2. இரண்டு தாள் திறவுங்கள்

ஒரே கோப்புக்குள் இரண்டு பணித்தாள். முதலாவது "வாடிக்கையாளர்": எண், பெயர், ஊர், தொலைபேசி. ஆளுக்கு ஒரே ஒரு நிரை (குறுக்கே போகும் வரி). இரண்டாவது "கொடுக்கல் வாங்கல்": திகதி, வாடிக்கையாளர் எண், விபரம், கடன், வரவு. துணி போனாலும் காசு வந்தாலும் புதிதாக ஒரு நிரை.

எழுதிய நிரையை அழிக்கவேண்டாம். பிழையென்றால் கீழே இன்னொரு நிரை போட்டுச் சரிக்கட்டுங்கள். கணக்கப்பிள்ளைமார் எப்போதும் செய்வது இதைத்தான்.

3. ஆளுக்கொரு எண்

முதல் தடவை நான் எண் கொடுக்கவில்லை. பெயர் இருக்கிறதே, அது போதாதா என்று நினைத்தேன். "சிவா" என்று வந்த நிரைகளை எல்லாம் கூட்டினால் 18,400 ரூபா வந்தது. மாமா கொட்டாஞ்சேனைச் சிவாவுக்குப் போன் பண்ணி அதைக் கேட்டுவிட்டார். அந்த மனுசன் மறுநாளே பழைய சிட்டைகளை ஒரு உறையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து மேசையில் வரிசையாக வைத்தார். அவர் தரவேண்டியது 6,150 மட்டும்தான். மிச்சம் 12,250 வத்தளையில் தையற்கடை வைத்திருக்கும் இன்னொரு சிவாவுடையது. கொப்பியில் இரண்டுமே "சிவா". மாமா கையெழுத்தையும் மையையும் பார்த்தே எந்தச் சிவா என்று சொல்லிவிடுவார். கணனிக்கு அது தெரியாது. இருபது வருடமாகக் கடைக்கு வரும் ஒருவரிடம் மாமா மன்னிப்புக் கேட்டதைப் பார்த்த பிறகு இந்தப் படியை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. ஒரே ஆள் "ராணி அக்கா", "ராணி", "ராணி ரெய்லர்" என்று மூன்று பேராக உடைந்து கிடந்தார். பெயருக்குப் பின்னால் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தாலும் கணனிக்கு அது வேறு பெயர்தான்.

ஒருவருக்கு மட்டுமே உரிய, மாறாத இந்த எண்ணைத்தான் முதன்மைச் சாவி என்கிறார்கள். தரவை அட்டவணைகளாகப் பிரித்து, இப்படிச் சாவிகளால் இணைக்கும் யோசனையை 1970இல் எழுதியவர் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கார் கொட். வங்கியில் உங்களுக்குக் கணக்கு இலக்கம் கொடுப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

எண்ணை 001 என்று தொடங்காதீர்கள். முன்னால் வரும் பூச்சியங்களைச் சீட்ஸ் விழுங்கிவிடும். 101இல் தொடங்குங்கள். தொலைபேசி எண்ணை வாடிக்கையாளர் எண்ணாக வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், ஆட்கள் சிம் மாற்றுவார்கள்.

பிறகு கொடுக்கல் வாங்கல் தாளில், எண் எழுதும் நிரலுக்கு (மேலிருந்து கீழே போகும் வரிசைக்கு) வாடிக்கையாளர் தாளின் எண்களை வைத்து ஒரு கீழிறங்கு பட்டியல் போட்டு, பிழையான உள்ளீட்டை நிராகரிக்கும்படி அமையுங்கள். வாடிக்கையாளர் தாளில் இல்லாத எண்ணை அப்போது யாராலும் அடிக்க முடியாது.

4. தொலைபேசியும் திகதியும்

தொலைபேசி நிரலை, எண்களை அடிப்பதற்கு முன்பே வெறும் எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் 077இல் தொடங்கும் எண் 77இல் தொடங்குவதாகிவிடும்.

திகதி இதைவிட மோசம். கோப்பின் அமைப்பு அமெரிக்காவில் இருந்தால் 05/06 என்று அடிப்பது யூன் 5 ஆகாது, மே 6 ஆகும். 13/06 என்றால் 13ஆம் மாதம் கிடையாது என்பதால் அது திகதியாகவே எடுபடாது. சரியானதும் பிழையானதும் கலந்து கிடக்கும், கண்ணுக்கும் தெரியாது. கோப்பு அமைப்புகளில் இடத்தை ஐக்கிய இராச்சியம் என்று மாற்றுங்கள். நாள் முதலில் வரும்.

5. நிலுவை

வாடிக்கையாளர் தாளில் "நிலுவை" என்று ஒரு நிரல் சேருங்கள். சம்இஃப் (SUMIF) என்ற சார்புக்கு மூன்று விடயம் சொல்லவேண்டும்: எந்த நிரலில் தேடுவது, எந்த எண்ணைத் தேடுவது, எந்த நிரலைக் கூட்டுவது. கடன் நிரலுக்கு ஒரு தடவை, வரவு நிரலுக்கு ஒரு தடவை. முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழியுங்கள். ஒரு கலத்தில் (கட்டத்தில்) எழுதிக் கீழே இழுத்துவிட்டால் எழுபது பேருக்கும் வந்துவிடும்.

பின்சேர்க்கை 1: பழைய பெயர்ப் பட்டியலை ஒட்டினால் எல்லாம் ஆங்கில எழுத்தாக வருகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அது பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத தமிழ் எழுத்துருவில் அடித்த பட்டியல். பாமினியில் "அ" என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே ஆங்கில "எம்". எழுத்துரு போனால் வேடம் கலைந்துவிடும். இணையத்தில் பாமினியை யூனிகோடாக மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிவிட்டு ஒட்டுங்கள். பாமினியை இத்தோடு விட்டுவிடுவதுதான் நல்லது.

பின்சேர்க்கை 2: நிலுவை குறைத்துக் காட்டுகிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் தாளைப் பகிர்ந்திருந்தார், பார்த்தவுடன் பிடிபட்டது. கொப்பிப் பழக்கத்தில் தொகையை 6150/= என்று அடித்திருக்கிறார். அந்தக் கோடும் சமன் குறியும் சேர்ந்தால் அது எண் இல்லை, வெறும் எழுத்து. சம்இஃப் சத்தம் போடாமல் அதைத் தாண்டிப் போய்விடும். எண்கள் கலத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். கடன், வரவு இரண்டு நிரல்களிலும் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டி, இடப்பக்கம் நிற்பதை எல்லாம் திருத்துங்கள். பிறகு நான் எங்கள் தாளையும் பார்த்தேன். அதிலும் பதினொன்று இருந்தன.