கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: பழைய டீசல் பிக்கப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து வருஷம் ஓடிய பொலேரோ பிக்கப்போ டாடா 207-ஓ, அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பினால் போதும், ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அன்று சாயங்காலமே கியர்பாக்ஸ் தரையில் கிடக்கும். கிளட்ச் செட், பேரிங், சீல், கூலி என்று பில் ஏறும். எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்தால் அதே சத்தம். கடைசியில் பார்த்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு கிராஸ் (சிலுவை வடிவ இணைப்பு) தேய்ந்திருக்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிப் பிழைப்பு நடத்துகிறவருக்கு, வண்டி சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது. இந்த நஷ்டத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, வண்டியை ஓட்டிப் பார்க்காமலே ஸ்பேனரை எடுப்பது. மெக்கானிக்கிடம் போகும்போது நாமே நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு போகிறோம். “கியர்பாக்ஸைப் பாருங்க” என்றால் அவரும் அதைத்தான் பார்ப்பார். “40-ல் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊளையிடுகிறது, விட்டால் நின்றுவிடுகிறது” என்று சொல்லிப் பாருங்கள், அவர் கை வேறு இடத்துக்குப் போகும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சத்தமோ அதிர்வோ எதைப் பின்தொடர்கிறது? இன்ஜின் சுற்றையா, வண்டியின் வேகத்தையா, இழுவையையா? ஒரே வேகத்தில் மூன்றாவது கியரில் ஒரு முறை, நான்காவதில் ஒரு முறை போங்கள். கியர் மாறியதும் சத்தமும் மாறினால் கோளாறு இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம். மாறாமல் அப்படியே இருந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால்: புரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃப்ரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பற்சக்கரத் தொகுதி), சக்கரம், டயர். அப்புறம் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே அளவு ரேஸ் செய்து பாருங்கள். அப்போதும் அதிர்கிறது என்றால் இன்ஜின் மவுண்டையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். ஒரு இன்ஜெக்டர் சரியாக அடிக்காத வண்டியில் கிளட்ச் பிளேட் மாற்றிவிடுவதும் நடக்கிறது.

பழைய பிக்கப்களில் பெரும்பாலும் நான்காவதுதான் நேர் கியர். அதில் சக்தி கியர்பாக்ஸின் உள்ளே லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டு வழியாகச் சுற்றிப் போகாமல் நேராகப் பின்னால் போகிறது. அதனால் 1, 2, 3, 5-ல் இரைந்து நான்கில் மட்டும் அடங்கினால், கியர்பாக்ஸ் பேரிங்கைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. எல்லா கியரிலும் ஒரே மாதிரி இரைந்தால் அதை இறக்க அவசரம் வேண்டாம்.

கிளட்ச் என்று நினைத்து ஏமாறுவது

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறும்போது வண்டி திணறுகிறது. உடனே கிளட்ச் பிளேட் மாற்றச் சொல்வார்கள். இன்ஜின் சத்தம் விர்ரென்று ஏறி வண்டி ஏறாமல் நின்றால்தான் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினே சுற்று ஏறாமல் அமுங்கினால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் என்று மலிவானவற்றிலிருந்து தொடங்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் சமதரையில், முன்னால் ஆள் யாரும் இல்லாமல், ஹேண்ட் பிரேக் போட்டு, நான்காவது கியரில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து கிளட்சை விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல பிளேட்டும் கருகிவிடும்.

கிளட்ச் பெடலில் ஃப்ரீ பிளே (மிதிக்கத் தொடங்கும்போது இருக்கும் சிறு வெற்று அசைவு) இல்லாமல் போனாலே பிளேட் முழுதாகப் பிடிக்காது. கியர்பாக்ஸை இறக்கும் முன் அதைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று அரைக்கிறதா? இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். கிளட்சின் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் இருக்கிறதா, கீழே உள்ள சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள். பெடலை மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால், கிளட்சிலிருந்து கியர்பாக்ஸுக்குள் போகும் இன்புட் ஷாஃப்ட் பக்கத்து பேரிங்.

பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தால், எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் புது பிளேட் போடக்கூடாது. இன்ஜின் கிராங்கின் பின் சீலாக இருக்கலாம், கியர்பாக்ஸின் முன் சீலாகவும் இருக்கலாம். அதை மாற்றாமல் மாட்டினால் புது பிளேட்டும் சீக்கிரமே நனைந்துவிடும்.

எண்ணெயைப் பார்க்காமல் கொட்டுவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். கியர் ஆயிலையும் ஹவுசிங் (டிஃப்ரென்ஷியல் இருக்கும் பின் அச்சுக் கூடு) ஆயிலையும் பழைய டப்பாவில் வடித்து ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கான சாட்சியே அதில்தான் இருக்கிறது. சுத்தமான தட்டில் வடியுங்கள், வெயிலில் சாய்த்துப் பாருங்கள், இரண்டு விரலுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். காந்தம் வைத்த டிரெயின் பிளக்கில் சாம்பல் நிறக் குழைவு மை போல ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் செதிலோ, பல்லின் உடைந்த முனையோ இருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். கியர் ஆயிலில் பொன் நிற மினுக்கம் தெரிந்தால், கியர் மாறும்போது சுற்று வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரனைசர் ரிங் கரைகிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் இறங்கிய வண்டிகளில் இது சகஜம். ஹவுசிங் மேலே உள்ள பிரீதர் (காற்றுத் துளை) அடைத்துக்கொண்டாலும் சீல் கசியும். அதைச் சுத்தம் செய்யாமல் எத்தனை சீல் மாற்றினாலும் கசிவு நிற்காது.

டிஃப்ரென்ஷியலுக்கு ஜிஎல்-5 தர ஆயில் வேண்டும் என்பதால் கியர்பாக்ஸுக்கும் அதையே ஊற்றிவிடும் பழக்கம் உண்டு. பித்தளை சிங்க்ரனைசர் உள்ள பல கியர்பாக்ஸ்கள் ஜிஎல்-4 கேட்கின்றன. கையேடு சொல்வதை ஊற்றுங்கள்.

ஷாஃப்டும் ஹவுசிங்கும்

வண்டி கிளம்பும்போதும், முன்னும் பின்னும் கியர் மாற்றும்போதும் ‘டக்’ என்று அடிப்பது கிராஸ் தேய்ந்ததன் முதல் அறிகுறி. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கிராஸ் மூடியைச் சுற்றிச் செந்தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் இல்லை, துரு அரைபடுகிறது.

ஷாஃப்டைக் கழற்றும்போது குறி போடாமல் கழற்றுவதுதான் இந்தப் பகுதியில் நடக்கும் பெரிய தவறு. இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஸ்பிளைனில் (ஷாஃப்டின் இணைப்பில் உள்ள பல்வரிசை) ஒரு பல் தள்ளி மாட்டினாலும் இல்லாத அதிர்வு புதிதாக வரும். அப்புறம் அதற்கு ஷாஃப்டின் நடுவைத் தாங்கும் சென்டர் பேரிங் மாற்றுவார்கள், டயர் பேலன்ஸ் செய்வார்கள். லோடு தாங்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்ட வண்டியிலும் ஷாஃப்டின் கோணம் மாறி அதிர்வு வருவதுண்டு. பட்டை போட்ட பிறகுதான் வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

ஊளைச் சத்தம் என்றால் கிரவுன் பினியன் (டிஃப்ரென்ஷியலின் முக்கியப் பற்சக்கர ஜோடி) என்று எடுத்த எடுப்பில் சொல்வதும் சரியல்ல. சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தம் மாறினால் டயர். இடம் வலமாக வண்டியைச் சாய்த்து ஓட்டும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். நேர்சாலையில் அமைதியாக இருந்து வளைவில் மட்டும் முனகினால் டிஃப்ரென்ஷியலின் உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள். இழுக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்றால்தான் கிரவுன் பினியன் பேச்சுக்கே வர வேண்டும். அப்படியே மாற்றினாலும் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பற்களில் நீலச் சாயம் தடவிச் சுற்றி, எங்கே பதிகிறது என்று பார்க்காத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பினியன் சீல் கசிகிறது என்று மாற்றும்போது பினியன் நட்டைத் துப்பாக்கி ஸ்பேனரால் அடித்து இறுக்குவதும் உண்டு. அந்த நட்டுதான் பினியன் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. கழற்றும் முன் நட்டுக்கும் ஷாஃப்டுக்கும் குறி போட்டு, அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே நசுங்கும் ஸ்லீவ் இருக்கும் ஹவுசிங்கில் அதிகம் இறுக்கிவிட்டால், தளர்த்தி மட்டும் சரிசெய்ய முடியாது; புது ஸ்லீவ்தான் போட வேண்டும். விட்டுவிட்டால் பேரிங் சூடேறிக் கருகும்.

வண்டி நகரவே இல்லை என்றால்

இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஒருவர் முதல் கியரில் மெல்லக் கிளட்சை விட, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று ஷாஃப்டைப் பார்க்கட்டும். அடியில் யாரும் போகவே கூடாது. ஷாஃப்ட் சுற்றி வண்டி நகராவிட்டால் ஆக்சிலோ (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) டிஃப்ரென்ஷியலோ உடைந்திருக்கிறது. ஷாஃப்டும் சுற்றாவிட்டால் கிளட்ச், இல்லை கியர்பாக்ஸ்.

ஒரு பக்க ஆக்சில் உடைந்த வண்டியைக் கியரில் விட்டு நிறுத்தினால் நிற்காது. சரிவில் உருண்டு ஓடும். கியர் பிடித்து வைத்திருந்தாலும் உடைந்த பக்கம் உள்ளே சும்மா சுற்றிக்கொடுத்துவிடும். ஹேண்ட் பிரேக்கோடு சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள்.

இழுத்துக்கொண்டு போவதானால், பின் சக்கரம் தரையில் உருள நியூட்ரலில் தூரம் போகாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸின் லே ஷாஃப்ட் சுற்றாது, எண்ணெய் மேலே வாரி இறைக்கப்படாது, பின்பக்க ஷாஃப்ட் மட்டும் காய்ந்தபடி சுற்றும். குறி போட்டு புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிக் கேரியரில் போட்டுக்கொண்டு, பிறகு கயிறு கட்டுங்கள்.