எண்ணெயை லிட்டரில் அளந்து சோப்பு காய்ச்சுவோர் செய்யும் தவறுகள்

கோத்தகிரியில் என்னிடம் சோப்பு காய்ச்சக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவர மறப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டால் தாமே திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை.

ஒரு லிட்டரை ஒரு கிலோவாகக் கொள்வது

இன்றும் என்னைப் பொறுமையிழக்கச் செய்யும் தவறு இதுதான். தண்ணீருக்குப் பொருந்தும் கணக்கு எண்ணெய்க்குப் பொருந்தாது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாமே 30 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். குழம்பில் இந்த வேறுபாடு தெரியாது. காஸ்டிக் சோடா என்னும் காரம் சேரும் சோப்பில் தெரியும்.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோல் வறளாமல் இருக்க, அதில் 5 விழுக்காடு குறைத்து 174 கிராம் போடுவோம். பாத்திரத்தில் இருப்பது ஒரு லிட்டர், அதாவது 915 கிராம் மட்டுமே என்றால், அந்த எண்ணெய் ஏற்கக்கூடியது 167 கிராம்தான். மீதி ஆறேழு கிராம் காரம் சோப்பிலேயே தங்கிவிடும்.

முதல் பெரிய ஆர்டருக்காக 5 லிட்டர் கேன் ஒன்றை அப்படியே கவிழ்த்து, ஏட்டில் 5,000 கிராம் என்று எழுதினேன். நான்கு வாரம் உலர்த்திய பிறகு கட்டியை நுனிநாக்கில் வைத்தபோது சுருக்கென்றது. கழுவிப் பார்த்த கை இரண்டு நாள் எரிந்தது. மிஞ்சியிருந்த 33 கிராம் காரத்துக்கு ஈடாக 180 கிராம் எண்ணெயும், அதற்கு மேல் சிறிது கூடுதலும் சேர்த்து மறுபடி காய்ச்சியிருக்கலாம் என்பது அப்போது தெரியாததால், அறுபதுக்கும் மேற்பட்ட கட்டிகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். சென்ற மாதம் ஒரு தங்கை அதே கணக்கை அதே நம்பிக்கையோடு எழுதியபோது, கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

உறைந்த எண்ணெயைக் குவளையில் அளப்பது

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், நம் மலையில் ஆண்டின் பெரும்பகுதி அதைக் கரண்டியால் சுரண்டித்தான் எடுக்கிறோம். அப்படி அடைத்த குவளையில் காற்றிடைவெளி எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அடுப்பில் உருக்கிச் சூட்டோடு அளந்தாலும் தவறுதான், ஏனெனில் சூட்டில் எண்ணெய் விரியும். நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில், பொட்டலங்களில் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவோடு எடையையும் அச்சிடுமாறு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியதற்கும் இதுவே காரணம்: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று அந்த அறிவிப்பிலேயே கண்டிருக்கிறது. உறைந்திருந்தாலும் உருகியிருந்தாலும் தராசில் வைத்து நிறுத்துவிடுங்கள், எடை மாறாது.

விளக்கெண்ணெய்க்கும் அதே 915 கிராம் கணக்கைப் போடுவது

கூடாது. அது லிட்டருக்குச் சுமார் 960 கிராம்.

டின் விலையை ஒப்பிடுவது

15 கிலோ டின்னில் ஏறத்தாழ பதினாறரை லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னில் பதினான்கு கிலோகூட இருக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைக்கும்போது, விலையைக் கேட்பதற்கு முன் கிலோவா லிட்டரா என்று கேளுங்கள்.