ஸ்ட்ராட்டஜி கேம் ஆட கம்மி பட்ஜெட்ல சிஸ்டம் வாங்கறது எப்படி, நம்ம டெல்டா பக்கத்து ஆளுங்களுக்காக

மன்னார்குடி பக்கத்துலேருந்து அக்கா பையன் போன் பண்ணான். மாமா, தாத்தா குறுவை நெல்லு போட்ட காசுலேருந்து 35 ஆயிரம் குடுத்துருக்காரு, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கட்டும்னு கேட்டான். நான் உடனே பதில் சொல்லல, என்ன கேம் ஆடப் போறேன்னு கேட்டேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன், அதுல 2022ல வந்த இந்திய ராஜ்ஜியங்கள் பேக்ல திராவிடர் படை வருதுல்ல, சுருள்வாள் வீரன், திரிசடைன்னு ஒரு கப்பல், ராஜேந்திர சோழன் கேம்பெயின், அதான் ஆடணும், அப்பறம் சிவிலைசேஷன் 6 ஆடணும்னான். கேட்கவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா படை திரட்டி ராஜ்ஜியம் நடத்தற இந்த மாதிரி ஸ்ட்ராட்டஜி கேமுக்கெல்லாம் முதல் கேள்வி கிராபிக்ஸ் கார்டு இல்ல. அவனுக்கு ஒரு மணி நேரம் போன்ல சொன்னதைத்தான் இங்க கொட்டறேன், நம்ம பக்கத்துல இன்னும் நாலு பேருக்கு உதவும்.

சுட்டுத்தள்ளற கேம்ல ஒவ்வொரு ஃப்ரேமும் படமா வரையணும், அங்க கிராபிக்ஸ் கார்டு ராஜா. ஸ்ட்ராட்டஜி கேம்ல வேலையே வேற, மேப்ல இருக்கிற ஒவ்வொரு ஆளும் எந்த வழியா நடக்கணும், எதிரி ராஜா அடுத்து என்ன செய்யணும், எந்த ஊர்ல எவ்வளவு தானியம் சேருதுன்னு கணக்கு போட்டுக்கிட்டே இருக்கணும், அந்தக் கணக்கு முழுக்க கம்ப்யூட்டரோட மூளையான ப்ராசசர் தலையில. ப்ராசசருக்குள்ள தனித்தனியா கணக்கு போடற பகுதிக்குப் பேரு கோர், இந்த கேம்ல பெரும்பகுதி ஒரே கோர்ல ஓடும். நம்ம ஊர் பாஷையில சொன்னா ஒரே வாய்க்கால்ல தண்ணி வந்து ஒவ்வொரு வயலா பாயற மாதிரி. பக்கத்துல எட்டு வாய்க்கால் வெட்டி வச்சாலும் தண்ணி இந்த ஒண்ணுலதான் வருதுன்னா கடைமடைக்காரன் காத்துக்கிட்டுதான் இருக்கணும். அதனால எத்தனை கோர்ங்கறதை விட ஒரு கோர் எவ்வளவு வேகம்ங்கறதுதான் பாக்கணும், நாலு நல்ல கோர் இருந்தா போதும், ஆறு இருந்தா நிம்மதி.

இன்னொண்ணு, இந்த கேமெல்லாம் ஆரம்பத்துல எந்த சிஸ்டத்துலயும் பஞ்சு மாதிரி ஓடும். சிவிலைசேஷன்ல முதல் 50 டர்ன், அதாவது நம்ம ஆடற முறை, சல்லுன்னு போகும், 250வது டர்ன் வரும்போதுதான் ‘அடுத்த டர்ன்’ அமுக்கிட்டு காத்துக்கிட்டு உக்காந்துருப்பீங்க. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல எட்டு பேர் ஆளுக்கு 200 ஆளு வச்சுக்கிட்டு மோதும்போதுதான் சிஸ்டத்தோட உண்மையான முகம் தெரியும். கடையில அஞ்சு நிமிஷம் ஓட்டிக் காமிச்சு ‘பாருங்க சார் எப்படி ஓடுது’ன்னு சொன்னா நம்பிடாதீங்க.

இப்ப ப்ராசசருக்கு வரேன், காசு போக வேண்டிய முதல் இடம் இதுதான். புதுசா வாங்கறவங்களுக்கு நான் சொல்றது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ரைசன் 5 5600ஜி, 6 கோர் 12 த்ரெட் (த்ரெட்னா ஒரே நேரத்துல ஓட்டற வேலை), கூடவே வேகாங்கற கிராபிக்ஸ் உள்ளயே இருக்கு, தனியா கார்டே வேணாம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, சிவிலைசேஷன் 6 ரெண்டையும் செட்டிங்கை கொஞ்சம் குறைச்சு வச்சா நல்லாவே ஓட்டும். இன்னொண்ணு இன்டெல் ஐ3 12100, 4 கோர் 8 த்ரெட்தான், ஆனா ஒத்தை கோர் வேகத்துல அது சளைச்சதில்ல. ஐ3ன்னு பேர் பாத்து ஒதுக்கிடாதீங்க, பழைய ஐ7 பலதை இது தூக்கி சாப்பிட்டுரும். உள்ள இருக்கிற கிராபிக்ஸ் மட்டும் வேகாவை விட வீக், அதனால பின்னாடி ஒரு கார்டு போடற ஐடியா இருந்தா இது சரி, கார்டே போடப் போறதில்லன்னா 5600ஜி. வாங்கும்போது பேரோட கடைசி எழுத்தைப் பாருங்க, இன்டெல்ல ‘எஃப்’னு முடிஞ்சா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம மானிட்டர்ல ஒண்ணும் வராது. அதே மாதிரி ரைசன்ல ‘ஜி’ இல்லாத வெறும் 5600க்கும் உள்ள கிராபிக்ஸ் இல்ல. ஆனா அதுல எல்3 கேஷ், அதாவது ப்ராசசர் கைப்பக்கத்துலயே வச்சுக்கற மெமரி, 32 எம்பி, 5600ஜில 16தான், இந்த மாதிரி கணக்கு போடற கேமுக்கு கேஷ் ரொம்ப உதவும், அதனால கையில ஏற்கனவே ஒரு கார்டு இருக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு வெறும் 5600 எடுங்க.

ப்ராசசரோட ஜெனரேஷன், அதாவது அது எந்தத் தலைமுறைன்னு, பாக்காம வாங்கி நான் பட்டதை சொல்லணும். கஜா புயலுக்கு அடுத்த வருஷம், 2019ல, ‘ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி, 2 ஜிபி கிராபிக்ஸ்’னு ஒரு இடத்துல கலர் கலரா லைட்டு எரியற கேபினட்டைப் பாத்து காசைக் குடுத்துட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா ஐ7 2600, அதாவது 2011ல வந்த ரெண்டாவது ஜெனரேஷன், கார்டு ஜிடி 710. ஐ7ங்கறது பொய்யில்ல, ஆனா அது எட்டு வருஷப் பழசுன்னு யாரும் சொல்லல. அப்பறம் ஐப்பசி மழையில ஒரு நாள் எஸ்எம்பிஎஸ், அதாவது சிஸ்டத்துக்குள்ள கரண்ட் குடுக்கற பெட்டி, போச்சு, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கிட்டு போயிருச்சு. அப்பா கடன் வாங்கிக் குடுத்த காசு அது, இன்னைக்கும் நெனச்சா வயிறு எரியுது. அதனால நம்பரைப் படிக்கக் கத்துக்கங்க: ஐ5 4570ன்னா 4வது ஜெனரேஷன், ஐ5 8500ன்னா 8வது, ஐ3 12100ன்னா 12வது. நாலு இலக்கம்னா முதல் இலக்கம், அஞ்சு இலக்கம்னா முதல் ரெண்டு இலக்கம், அவ்வளவுதான்.

புதுசா வாங்க பட்ஜெட் பத்தலன்னா ஆபீஸ்லேருந்து கழிச்ச ரீஃபர்பிஷ்ட் சிஸ்டம் நல்ல வழி, டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் இந்த மாதிரி. 8வது ஜெனரேஷனுக்குக் கீழ மட்டும் போகாதீங்க, ஏன்னா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட சப்போர்ட் முடிஞ்சுருச்சு, விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்ல 8வது ஜெனரேஷன்லேருந்தும் ரைசன்ல 2000 சீரிஸ்லேருந்தும்தான். ஐ5 8500 கிடைச்சா 6 கோர், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்கு தாராளம். ஒல்லி கேபினட்டா இல்ல டவர் கேபினட்டான்னு பாத்து வாங்குங்க, ஒல்லில பெரிய கார்டு ஏறாது, எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த கம்பெனி சைஸ், போச்சுன்னா கும்பகோணத்துல தேடி அலையணும்.

ராம், அதாவது ஓடிக்கிட்டு இருக்கிற கேமை வச்சுக்கற மெமரி, 16 ஜிபி. 8ல ஓடும், ஆனா பின்னாடி நாலு டேப் திறந்து வச்சா மூச்சு முட்டும். 16ஐ ஒரே குச்சியா வாங்காம 8, 8ன்னு ரெண்டா வாங்குங்க, கார்டு இல்லாத சிஸ்டத்துல கிராபிக்ஸும் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்குது, ரெண்டு குச்சி போட்டா அதுக்குப் பாதை ரெண்டாகுது, 5600ஜில இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலேருந்து ராம் விலை ஏறிக் கிடக்கு, அதனால பழைய சிஸ்டத்துல டிடிஆர்4 ராம் இருந்தா கழட்டி பத்திரமா வைங்க. கேமையெல்லாம் சேமிச்சு வைக்கற எஸ்எஸ்டி 500 ஜிபி, டோட்டல் வார் மாதிரி கேம் ஒண்ணே 100 ஜிபிக்கு மேல சாப்பிடும்.

கார்டு ஆசை இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ஜிடி 710, ஜிடி 730 ரெண்டையும் தொடாதீங்க, 5600ஜி உள்ள இருக்கிற கிராபிக்ஸ் அதை விட மேல. ‘4 ஜிபி கார்டு’ன்னு எழுதிருந்தா ஏமாந்துடாதீங்க, மெமரி அளவு வேகம் இல்ல. பின்னாடி காசு சேந்தா செகண்ட்ஸ்ல ஜிடிஎக்ஸ் 1650 பாருங்க, கரண்ட் கம்மியா இழுக்கும், நிறைய மாடலுக்குத் தனியா பவர் வயரே வேணாம்.

இப்ப நம்ம ஊர் விஷயம். மெட்ராஸ்ல இருக்கிறவன் எழுதினதைப் படிச்சு வாங்கினா இங்க ஒத்து வராது, ஏன்னா அவனுக்கு கரண்ட் பிரச்சனை நம்ம மாதிரி இல்ல. பம்புசெட்டெல்லாம் ஒண்ணா ஓடற நேரத்துல லைன் கடைசில இருக்கிற ஊருக்கு வோல்டேஜ் சாயும், ஃபேன் சுத்தறதைப் பாத்தே சொல்லிடலாம். எஸ்எம்பிஎஸ் மேல இருக்கிற ஸ்டிக்கரைப் படிங்க, இன்புட் 100 லேருந்து 240 வோல்ட் வரைக்கும்னு போட்டுருந்தா லோ வோல்டேஜ்லயும் தாக்குப்பிடிக்கும், 200 லேருந்து 240ன்னு போட்டுருந்தா நம்ம ஊருக்கு அது வேணாம். கேபினட்டோட ஓசியா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸை அங்கயே விட்டுட்டு கரண்ட்டை ரொம்ப வீணாக்காதுன்னு குடுக்கற 80 ப்ளஸ் முத்திரை உள்ள 450 வாட் ஒண்ணு தனியா வாங்குங்க, கலர் லைட்டுக்குப் போற காசை இங்க போடுங்க, நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

அடுத்து யூபிஎஸ். கார்டு இல்லாத சிஸ்டம் மானிட்டரோட சேத்து பெருசா ஒண்ணும் இழுக்காது, 600 விஏ யூபிஎஸ்ஸே கேமை சேவ் பண்ணிட்டு அணைக்கறதுக்கு வேண்டிய நேரம் குடுக்கும். மோடத்தையும் யூபிஎஸ்லயே போடுங்க, ஆன்லைன்ல நாலு பேரோட சேந்து ஆடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போய் நெட்டும் போனா கூட ஆடறவங்களுக்கும் ஆட்டம் கெடும். சிவிலைசேஷன் செட்டிங்ல ஆட்டோசேவை ஒவ்வொரு டர்னுக்கும்னு மாத்திடுங்க. பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல போயிடும், அது சாதாரணம், பேட்டரி மட்டும் மாத்தினா போதும்.

எர்த் இருக்கான்னு பாருங்க, பழைய ஓட்டு வீட்டுல மூணு ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கும், ஆனா மேல் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. கேபினட்டைத் தொட்டா விரல்ல சுர்ருன்னு இருந்துச்சுன்னா எர்த் இல்லன்னு அர்த்தம், வயர்மேனைக் கூப்பிட்டு முதல்ல அதை சரி பண்ணுங்க, கம்ப்யூட்டர் அப்பறம். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்கு ஸ்விட்ச் அணைச்சா மட்டும் பத்தாது, பிளக்கைப் பிடுங்கணும், நெட் கேபிளையும் பிடுங்கணும், மின்னல் அந்த வழியாவும் வரும்.

தூசி விஷயத்துல அறுவடை நேரம்தான் மோசம், கதிர் அடிக்கற சுணை, ரைஸ்மில் பக்கம்னா தவிடு, எல்லாம் ஃபேன்ல போய் அப்பிக்கும். தரையில வைக்காம ஒரு பலகை மேல வைங்க, முன்பக்கம் கழட்டிக் கழுவற வலை இருக்கிற கேபினட்டா எடுங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் கடலோரத்துக்காரங்க மாசக்கணக்கா அணைச்சே போட்டு வைக்காதீங்க, உப்புக்காத்துல காண்டாக்ட் எல்லாம் பூத்துப்போகும், அடிக்கடி ஓட்டுனா அந்த சூட்டுக்கே ஈரம் தங்காது. பின்னாடி காலியா இருக்கிற ஸ்லாட்டை மூடி வைங்க, பல்லி உள்ள போய் செத்து மதர்போர்டு ஷார்ட் ஆகறது நம்ம பக்கம் நடக்கற சமாச்சாரம்தான்.

மானிட்டர் 22 லேருந்து 24 இன்ச், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ் (பக்கத்துலேருந்து பாத்தாலும் கலர் மாறாத ஸ்க்ரீன்), 75 ஹெர்ட்ஸ் போதும், 144க்குக் காசு போடாதீங்க. மவுஸ் மட்டும் வயர் வச்ச நல்லதா வாங்குங்க, இந்த கேம்ல உங்க கை அதுதான்.

எங்க வாங்கறதுன்னு கேட்டா, முதல்ல தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி கடையில ஒவ்வொரு பார்ட்டா மாடல் நம்பரோட விலை எழுதி வாங்குங்க, சும்மா மொத்தமா இவ்வளவுன்னு சொன்னா வேணாம்னு வந்துருங்க. மன்னை எக்ஸ்பிரஸ்லயோ உழவன்லயோ ராத்திரி ஏறி மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட் போனா விலை கொஞ்சம் இறங்கும்தான், ஆனா ஒரு பார்ட் கோளாறுன்னா திரும்ப அவ்வளவு தூரம் போகணும், அந்த வித்தியாசம் ஆயிரம் ரெண்டாயிரம்னா உள்ளூர்லயே வாங்கறதுதான் என் முடிவு. ஜிஎஸ்டி பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், பாக்ஸ்ல வர்ற ப்ராசசருக்கு 3 வருஷ வாரண்டி, அந்த டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி கடையிலயே ஆன் பண்ணி டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல ப்ராசசர் பேரு, ராம் எத்தனை ஸ்லாட்ல இருக்கு, என்ன ஸ்பீடுன்னு பாருங்க, 3200 ராம் வாங்கிட்டு 2666ன்னு காமிச்சா பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங் பக்கம்) ராமை முழு ஸ்பீடுல ஓட்டற எக்ஸ்எம்பியை ஆன் பண்ணச் சொல்லுங்க, ஒரு நிமிஷ வேலை. ரீஃபர்பிஷ்ட்னா கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேரைப் போட்டு எஸ்எஸ்டி ஹெல்த் பாருங்க. கேம் வாங்க காசு மிச்சமில்லன்னா கவலை வேணாம், ஸ்டார்கிராஃப்ட் 2 ஓட முதல் கேம்பெயினும் ஆன்லைன் ஆட்டமும் 2017லேருந்து இலவசம், ஜீரோ ஏ.டி.ன்னு ஒண்ணு முழுசாவே இலவசம், அதுல மௌரியர் படையும் உண்டு.

வீட்டுக்குக் கொண்டு வரும்போது பஸ்ல கேபினட்டை நிக்க வைக்காதீங்க, மதர்போர்டு கீழ இருக்கிற மாதிரி படுக்க வச்சு கீழ ஒரு போர்வை போடுங்க, நம்ம ரோட்டுக் குலுக்கல்ல கூலரும் கார்டும் தொங்கி ஸ்லாட்டை இழுக்கும். வந்ததும் பக்கக் கதவைத் திறந்து ராமையும் வயரையும் ஒரு தடவை அமுக்கிப் பாத்துட்டு அப்பறம் பிளக்கை மாட்டுங்க.