பிங் போகிறது, வி.பி.என். போகவில்லை: லேபிள் பாதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆம்பூர் தோல் தொழிற்சாலையிலிருந்து வேலூர், ராணிப்பேட்டை வழியாகச் சென்னை அலுவலகத்துக்கு ஒரு பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஐ.பி. ரூட்டிங்கில் ஒவ்வொரு ஊர் ரூட்டரும் சேருமிட முகவரியைத் தன் டேபிளில் தேடி, அடுத்த வழியைத் தானே முடிவு செய்யும். எம்.பி.எல்.எஸ்.ஸில், அதாவது முகவரிக்குப் பதில் லேபிள் என்ற எண்ணைப் பார்த்துப் பாக்கெட்டைக் கடத்தும் முறையில், அந்தத் தேடல் ஆம்பூரோடு சரி. ஆம்பூர் 24 என்று லேபிள் ஒட்டும், வேலூர் அதை 31 ஆக மாற்றும், ராணிப்பேட்டை கழற்றிவிடும். நடுவில் யாரும் ஐ.பி. முகவரியைப் பார்ப்பதில்லை. இதை மறப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

24 என்பது முகவரி அல்ல. வேலூர் ஆம்பூருக்குச் சொன்ன எண், அவ்வளவுதான். ராணிப்பேட்டையிலும் ஒரு 24 இருக்கலாம். அது வேறு எங்கோ போகும்.

அதிகம் படுத்துவது லூப்பேக் மாஸ்க். லூப்பேக் என்பது ரூட்டரின் அடையாளமாக அதற்குள்ளேயே வைக்கும் முகவரி. மாஸ்க் அதன் அளவைச் சொல்லும்: /32 என்றால் ஒரே ஒரு முகவரி, /24 என்றால் 256 முகவரிகளின் தொகுதி. சென்னை ரூட்டரின் லூப்பேக்குக்கு /24 கொடுத்துவிட்டால், ரூட்டர்களுக்குள் வழிகளைப் பரப்பும் ஓ.எஸ்.பி.எஃப். அதை /32 என்றே பரப்பும். லேபிள் எண்களைப் பரிமாறும் எல்.டி.பி.யோ /24க்கு லேபிள் கொடுக்கும். ராணிப்பேட்டையின் டேபிளில் இருப்பது /32. அதற்குச் சென்னையிடமிருந்து லேபிள் வரவில்லை. பாதை அங்கேயே அறுந்துவிடும். பாக்கெட் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் சாதாரண பிங் மட்டும் ஐ.பி. வழியாகப் போய்ச் சேரும். வி.பி.என்., அதாவது நிறுவனத்தின் தனி வலை, அப்படியல்ல: அதன் பாக்கெட்டில் பாதைக்கு ஒரு வெளி லேபிள், வி.பி.என்.னுக்கு ஒரு உள் லேபிள் இருக்கும், உள்ளே உள்ள முகவரி நடு ரூட்டர்களுக்குத் தெரியாது. அதனால் அந்தப் பாக்கெட் சாகும். லூப்பேக்குக்கு எப்போதும் /32 கொடுங்கள். ராணிப்பேட்டையில் லூப்பேக்குகளைச் சுருக்கி ஒரே ரூட்டாக அறிவித்தாலும் இதே கதைதான்: வெளி லேபிள் வேலூரிலேயே கழன்றுவிடும், உள்ளே இருக்கும் வி.பி.என். லேபிளை ராணிப்பேட்டைக்கு அடையாளம் தெரியாது.

அடுத்தது எம்.டி.யு., அதாவது ஒரு லிங்க் ஏற்கும் மிகப் பெரிய பாக்கெட்டின் அளவு. ஒரு லேபிள் 4 பைட். வி.பி.என்.னுக்கு இரண்டு லேபிள் என்றால் 1500 பைட் பாக்கெட் 1508 ஆகிறது. பாதை அறுந்தால் உடனே மாற்று வழிக்குத் திருப்பும் ஃபாஸ்ட் ரீரூட் சேர்ந்தால் இன்னொரு லேபிள், 1512. நடுவில் உள்ள ஒரே ஒரு ஸ்விட்ச் 1500லேயே நின்றாலும் போதும்: லாகின் பக்கம் திறக்கும், பெரிய ஃபைல் தொங்கும். ஆம்பூர் கிளைக்குள்ளிருந்து, துண்டாக்கக் கூடாது என்ற பிட்டோடு 1472 பைட் பிங் அடித்துப் பாருங்கள். தலைப்புகள் 28 பைட் சேர்ந்து சரியாக 1500 வரும்.

எல்.டி.பி. இரண்டு போர்ட்டுகளைப் பயன்படுத்தும்: பக்கத்து ரூட்டரைத் தேடும் ஹலோவுக்கு யு.டி.பி. 646, லேபிள் பரிமாறும் செஷனுக்கு டி.சி.பி. 646. ஃபயர்வாலில் முதலாவதை மட்டும் திறந்து இரண்டாவதை மறப்பவர்கள் உண்டு. ஹலோ வரும், செஷன் எழாது. சாலைப் பணியில் அறுந்த ஃபைபர் ஒட்டப்பட்டதும் ஓ.எஸ்.பி.எஃப். எல்.டி.பி.யை முந்தி எழுந்துவிடுவது இன்னொரு தொல்லை. லேபிள் இல்லாத வழியில் டிராஃபிக் பாய்ந்து தொலைந்துபோகும். எல்.டி.பி. ஒத்திசைவை இயக்கி வைத்தால், லேபிள் வரும்வரை அந்த லிங்க்கின் காஸ்ட் (வழியைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பு) உச்சத்தில் இருக்கும், வேறு வழி இருந்தால் டிராஃபிக் அதில் போகும்.

வேகத்துக்காக எம்.பி.எல்.எஸ். வாங்குவதும் பழைய காலத்து நினைப்பு. இன்றைய சிப்கள் ஐ.பி. தேடலையும் லைன் வேகத்திலேயே முடித்துவிடுகின்றன. எம்.பி.எல்.எஸ். என்கிரிப்ஷனும் செய்யாது; ரகசியம் வேண்டுமென்றால் மேலே ஐபிசெக் என்ற என்கிரிப்ஷன் முறையைப் போட வேண்டும்.

பழுது தேடும்போது, லேபிள் பாதையையே சோதிக்கும் எம்.பி.எல்.எஸ். பிங்கையே பயன்படுத்துங்கள். அதன் சேருமிட முகவரி, ரூட்டர்கள் ஐ.பி. வழியாகக் கடத்தாத 127 வரிசையில் இருக்கும். லேபிள் எங்கே கழன்றாலும் அந்தப் பாக்கெட் ஐ.பி. வழியாக நழுவ முடியாது. அறுந்த இடத்திலேயே நின்றுவிடும்.