‘தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்பது உரிமம் ஆகாது: சேகரிப்புகளைத் திறக்கக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“உங்கள் சேகரிப்பு முழுவதையும் கட்டற்ற உரிமத்தில் மக்களுக்குத் திறந்துவிட வேண்டுகிறோம்.” அருங்காட்சியகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் விக்கிப்பீடியா போன்ற திட்டங்களின் தன்னார்வலர்கள் எழுதும் முதல் கடிதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கட்டற்ற உரிமம் என்பது, எவரும் எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் முன்கூட்டியே எழுதித் தரும் அனுமதி. பதில் வராது, வந்தாலும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று வரும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிலையில் நின்று இதைப் படித்துப் பாருங்கள். முழுச் சேகரிப்பு என்றால் எத்தனை பொருட்கள், அவற்றில் எவற்றுக்கு உரிமை தெளிவாக இருக்கிறது, எவற்றுக்குப் படம் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

ஆகவே கோரிக்கை சிறிதாக, எண்ணிக்கையோடு இருக்கட்டும். ஏற்கெனவே மின்னாக்கம் செய்யப்பட்ட, உரிமைச் சிக்கல் இல்லாத 50 முதல் 200 பொருட்களை நீங்களே அவர்களுடைய இணையப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து, பதிவு எண்ணோடு அட்டவணையாகக் கொடுங்கள். ‘ஆம்’ என்று சொல்ல அவருக்கு அரை நாள் வேலைக்கு மேல் இருக்கக் கூடாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் சுமார் 3,75,000 படங்களை ஒரே நாளில் திறந்ததையும், ஸ்மித்சோனியன் 2020 பிப்ரவரியில் 28 லட்சம் படங்களைத் திறந்ததையும் முன்மாதிரியாகக் காட்டுவது நல்லதுதான். ஆனால் ஐந்து பேர் வேலை செய்யும் காப்பகத்திடம் அவற்றை இலக்காக வைத்தால் மிரண்டுவிடுவார்கள்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். காப்பாட்சியர் ஒப்புக்கொண்டால் போதும் என்று நினைத்து, சட்டப் பிரிவையும் படவிற்பனையைக் கவனிப்பவரையும் கடைசியில் சந்திப்பது அடிக்கடி நடக்கிறது. அந்த இருவரும் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். ஆட்சேபம் வரப்போவது அவர்களிடமிருந்துதான்.

பொருள் வேறு, உரிமை வேறு

எல்லாத் தவறுகளிலும் பெரியது இது. அலமாரியில் ஒரு ஒளிப்படம் இருக்கிறது என்பதால் அதன் பதிப்புரிமையும் அந்த நிறுவனத்திடம் இருப்பதாகத் தன்னார்வலர்களும் நினைக்கிறார்கள், சில நேரம் நிறுவனமே நினைக்கிறது. ஒரு குடும்பம் பாட்டனாரின் கடிதங்களைக் காப்பகத்துக்குக் கொடையாகக் கொடுத்தால், காப்பகத்துக்குக் கிடைப்பது காகிதம். எழுத்தின் உரிமை எழுதியவரிடம், அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளிடம் இருக்கும். பாட்டனாருக்கு நண்பர்கள் எழுதிய கடிதங்களின் உரிமை அந்த நண்பர்களுடையது. கொடுத்த குடும்பத்துக்கே அது கிடையாது. கொடை ஒப்பந்தத்தில் ‘பதிப்புரிமையும் மாற்றித் தரப்படுகிறது’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இருக்காது.

ஒவ்வொரு கோப்பிலும் மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். ஓவியமோ கடிதமோ ஆகிய மூலப்படைப்பு ஒன்று. அதை எடுத்த படம் அல்லது வருடல் இரண்டு. அதைப் பற்றி எழுதிய விவரக் குறிப்பு மூன்று. மூன்றுக்கும் உரிமை தனித்தனி. மூலப்படைப்பின் காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும்: ஆசிரியர் இறந்து 50 ஆண்டு, 60 ஆண்டு, 70 ஆண்டு என்று மூன்று விதமாகவும் உண்டு. ‘பழைய படம்தானே’ என்பது கணக்கில் வராது. 1925இல் எடுத்த படமாக இருந்தாலும், எடுத்தவர் 1980 வரை வாழ்ந்திருந்தால் 70 ஆண்டு விதியுள்ள நாட்டில் அது 2050 முடியும் வரை பூட்டிலேயே இருக்கும்.

இரண்டாம் அடுக்கில்தான் சண்டை அதிகம். காலக்கெடு முடிந்து பொதுக்களத்துக்கு, அதாவது பதிப்புரிமை யாருக்கும் இல்லாத நிலைக்கு, வந்துவிட்ட ஒரு தட்டையான ஓவியத்தை அப்படியே படமெடுத்தால், அந்தப் படத்துக்குப் புதிதாகப் பதிப்புரிமை உண்டாகுமா? இல்லை என்று அமெரிக்காவில் பிரிட்ஜ்மன் – கோரல் வழக்கில் 1999இல் தீர்ப்பானது. ஜெர்மனியில் அதற்கு நேர்மாறாக, அருங்காட்சியகம் எடுத்த அத்தகைய படங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம் தன் பதிப்புரிமை ஆணையின் 14ஆம் பிரிவில், பொதுக்களத்துக் காட்சிக் கலையின் வெறும் நகலுக்குப் புதிய உரிமை எழாது என்று எழுதி அந்தக் கதவை மூடியது. சிலைக்கும் பாத்திரத்துக்கும் இது அப்படியே பொருந்தாது. முப்பரிமாணப் பொருளைப் படமெடுக்கும்போது ஒளியும் கோணமும் படமெடுப்பவரின் தேர்வு. எனவே அந்தப் படத்துக்குத் தனி உரிமை இருக்கலாம். படமெடுத்தவர் மாதச் சம்பள ஊழியரா, ஒப்பந்தத்தில் வந்த வெளியாளா என்று கேளுங்கள். வெளியாள் என்றால் அவரிடமிருந்து எழுத்துமூலம் உரிமை வாங்காமல் நிறுவனம் உரிமம் வழங்க முடியாது.

பதிப்புரிமை மட்டும்தான் சட்டம் என்று எண்ணுவதும் தவறு. இத்தாலியில் நூற்றாண்டுகள் பழமையான சிற்பத்துக்குக்கூட, பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி வணிக நோக்கில் அதன் உருவத்தைப் பயன்படுத்த அனுமதியும் கட்டணமும் கேட்க இடமிருக்கிறது. நாட்டுக்குரிய சட்டத்தைப் பார்க்காமல் ‘பழையதெல்லாம் பொதுச்சொத்து’ என்று கூட்டத்தில் பேசினால், சட்டப் பிரிவுக்காரர் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

உரிமையாளர் யாரென்றே தெரியாத படைப்புகளை முதல் தொகுதியில் சேர்க்காதீர்கள். அவற்றின் நிலையை ரைட்ஸ்டேட்மென்ட்ஸ் என்ற 12 குறிப்புகளில் பொருந்தும் ஒன்றால் குறித்து வைக்கலாம். அவை உரிமங்கள் அல்ல, உரிமை நிலையைச் சொல்லும் சீட்டுகள் மட்டுமே.

தவறான சீட்டு ஒட்டுவது

கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது ஆக்கங்களைப் பகிர ஆயத்தமாக எழுதிவைத்த பொது உரிமங்களின் தொகுப்பு. அந்த உரிமத்தை உரிமை உள்ளவர்தான் வழங்க முடியும். இது எளிய விதி. ஆனாலும் பொதுக்களத்து ஓவியத்துக்கு, பெயர் குறிப்பிடக் கட்டாயப்படுத்தும் ‘சிசி பை’ (கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன்) உரிமத்தை ஒட்டிய நிறுவனங்கள் ஏராளம். பெயர் குறிப்பிட வேண்டும் என்ற ஆசை புரிகிறது. ஆனால் இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டும் செயல் அது. மூலப்படைப்பு பொதுக்களத்தில் இருந்தால் பொதுக்களக் குறியீடு போதும். படத்தில் தமக்கு ஏதேனும் உரிமை எஞ்சியிருக்குமோ என்ற ஐயம் இருந்தால், அதையும் விட்டுத்தருகிறோம் என்று ‘சிசி ஜீரோ’ போடலாம். பெயர் குறிப்பிடுவதை நிபந்தனையாக்காமல் வேண்டுகோளாக வையுங்கள்: ‘இன்ன அருங்காட்சியகம், பதிவு எண் இன்னது என்று குறிப்பிட்டால் மகிழ்வோம்’. வெட்டி ஒட்டத் தயாராக அந்த வரியைப் படத்துக்குக் கீழேயே கொடுத்துவிட்டால், பெரும்பாலோர் அதையே எடுத்துப் போடுவார்கள்.

2019இல் வெளியான நெஃபர்டிட்டி சிலையின் முப்பரிமாண வருடல் இதற்கு நல்ல சான்று. மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான சிலை அது. வெளியான கோப்பில் சிலையின் அடிப்பகுதியில், வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. எந்த உரிமையின் பேரில் என்ற கேள்விதான் அதன்பின் அதிகம் பேசப்பட்டது.

‘வணிகத்துக்கு மட்டும் கூடாது’

கிட்டத்தட்ட எல்லா நிறுவனங்களும் முதலில் கேட்பது இதைத்தான். யாரோ ஒருவர் நாட்காட்டி அச்சடித்துக் காசு பார்ப்பார் என்ற பயம். இங்கே தன்னார்வலர் செய்யும் தவறு இரண்டு வகை. ஒன்று, ‘சரி, அதுவாவது கிடைக்கட்டும்’ என்று என்சி (வணிகப் பயன்பாடு கூடாது) நிபந்தனையை ஏற்றுக்கொள்வது. விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகம் என்சியையும், மாற்றக் கூடாது என்னும் என்டி நிபந்தனையையும் ஏற்காது. அப்படியானால் விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் அந்தப் படங்கள் பெரும்பாலும் வராது. விளம்பரம் போடும் வலைத்தளம், பாடநூல் பதிப்பகம், நாளிதழ் எல்லாமே ‘இது வணிகமா?’ என்ற ஐயத்தில் விலகிப்போகும். என்டி போட்டால் ஓவியத்தின் ஒரு மூலையை வெட்டிப் பெரிதாக்கிப் பகிர்வதே சிக்கலாகிவிடும்.

மற்றொன்று, அந்தப் பயத்தைக் கேலி செய்வது. அதற்கு நேரான பதில்கள் உள்ளன. சிசி பை 4.0 உரிமம் நிறுவனத்தின் வணிகக் குறியையோ சின்னத்தையோ யாருக்கும் கொடுப்பதில்லை. நிறுவனம் தம்மை ஆதரிப்பதாகக் காட்டிக்கொள்ளப் பயனாளருக்கு உரிமை இல்லை. படத்தை மாற்றினால் மாற்றியதாகக் குறிப்பிட வேண்டும். வணிகம் பற்றியே கவலை என்றால் சிசி பை எஸ்ஏ உரிமத்தை முன்வையுங்கள். அதில் மாற்றி உருவாக்குபவர் தம் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் திறக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது.

படவிற்பனை வருமானம் போய்விடுமே என்றால், கணக்கைக் காட்டச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். வந்த தொகை மட்டும் போதாது. அனுமதிக் கடிதம் எழுதிய, பட்டியல் பராமரித்த, பாக்கி வசூலித்த ஊழியர் நேரத்தையும் கழிக்க வேண்டும். கழித்த பிறகு மிச்சம் சொற்பம் என்று அவர்களே கண்டுகொள்வது, நாம் சொல்வதைவிட வலிமையானது.

வாய்ச்சொல்லும் அரைகுறைக் கடிதமும்

‘எங்கள் படங்களை விக்கிப்பீடியாவில் போட்டுக்கொள்ளுங்கள்’, ‘கல்விக்காகத் தாராளமாகப் பயன்படுத்தலாம்’. இரண்டும் நல்ல மனசு, இரண்டும் உரிமம் இல்லை. முதலாவது ஒரே தளத்துக்கான அனுமதி, இரண்டாவது நோக்கத்துக்குக் கட்டுப்பட்டது. இப்படி வந்த கடிதத்தை நம்பி ஏற்றிய படங்கள் பின்னால் கொத்தாக நீக்கப்படும். நிறுவனத்திடம் மறுபடி போய் நிற்க முகம் இருக்காது. கடிதத்தின் வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“இணைப்பில் பதிவு எண்ணோடு பட்டியலிட்டுள்ள 120 ஒளிப்படங்களின் பதிப்புரிமை எங்கள் நிறுவனத்திடம் உள்ளது. அவற்றைக் கிரியேட்டிவ் காமன்ஸ் ஆட்ரிபியூஷன் 4.0 பன்னாட்டு உரிமத்தில் வெளியிடுகிறோம். வணிக நோக்கம் உட்பட எந்த நோக்கத்துக்கும் எவரும் இவற்றைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் முடியும் என்பதையும், இந்த உரிமத்தைத் திரும்பப் பெற இயலாது என்பதையும் அறிந்தே வழங்குகிறோம். குறிப்பிட வேண்டிய பெயர்: …”

கீழே தேதி, பெயர், பதவி. நிறுவனத்தின் அலுவல் மின்னஞ்சலிலிருந்தே விக்கிமீடியாவின் அனுமதிக் குழுவுக்கு அது போக வேண்டும். உரிமத்தின் முழுப் பெயரையும் பதிப்பு எண்ணையும் விட்டுவிடாதீர்கள். வெறும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்றால் ஆறு உரிமங்களில் எது என்றே தெரியாது. திரும்பப் பெற இயலாது என்ற வரியைச் சொன்னால் பயந்துவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. ஓராண்டு கழித்துப் புதிய இயக்குநர் வந்து ‘எடுத்துவிடுங்கள்’ என்று கேட்கும் நாளில் அதன் விலை தெரியும்.

அஞ்சல்தலை அளவுப் படங்கள்

உரிமம் கிடைத்த மகிழ்ச்சியில் கோப்பின் அளவைக் கேட்க மறந்துவிடுகிறோம். 800 பிக்சல் அகலமுள்ள படம், அச்சுக்கு வழக்கமான 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அடர்த்தியில் இரண்டே முக்கால் அங்குலம்கூட வராது. நீண்ட பக்கம் குறைந்தது 3,000 பிக்சலாவது இருக்கும்படி கேளுங்கள். கடிதம், கையெழுத்துப்படி போன்றவற்றுக்கு 400 டிபிஐ நல்ல அளவு. ஏ4 தாள் ஒன்றை அந்த அடர்த்தியில் வண்ணத்தில் வருடினால், சுருக்காத டிஃப் கோப்பு சுமார் 46 எம்பி வரும். ஆயிரம் பக்கத்துக்கு 46 ஜிபி. இந்தக் கணக்கைச் செய்யாமல் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் வேலை அங்கேயே நின்றுவிடும். வன்தட்டோடு நேரில் போங்கள். மூல டிஃப் அவர்களிடமே இருக்கட்டும். பகிர்வதற்கு உயர்தர ஜேபெக் போதும். நீர்க்குறி வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

‘சிறிய படம் கொடுத்தால் பெரியது பத்திரமாக இருக்கும்’ என்பவர்களுக்கு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகக் கதையைச் சொல்லலாம். அங்குள்ள வெர்மீரின் பால்காரி ஓவியத்துக்கு, மஞ்சளாய் மங்கிய மட்டமான நகல்கள் இணையத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றின. அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் அச்சிட்டு வைத்த அஞ்சலட்டைகளைப் பார்த்து, இது அசல் மாதிரி இல்லையே என்று பார்வையாளர்கள் ஐயப்பட்டார்களாம். நல்ல படத்தைத் தாமே திறந்து வெளியிடுவதுதான் கெட்ட படங்களை ஓரங்கட்டும் வழி என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

விவரம் இல்லாத படம்

‘ஐஎம்ஜி_0423’ என்ற பெயரில் ஏற்றிய படத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்கப் போவதில்லை. பதிவு எண், தலைப்பு, ஆக்கியவர், காலம், செய்யப் பயன்பட்ட பொருள், அளவு, உரிமை நிலை ஆகிய ஏழும் ஒரே அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையாக வேண்டும். ‘சுமார் 1890’ என்பதை 1890 என்று சுருக்காதீர்கள். ஐயத்தை ஐயமாகவே எழுதுங்கள். அட்டவணை ஒழுங்காக இருந்தால் ஓபன்ரிஃபைன், பட்டிபான் போன்ற கருவிகளால் நூற்றுக்கணக்கில் ஒரே முறையில் ஏற்றலாம். விவரத் தரவுக்குச் சிசி ஜீரோ வேண்டும். விக்கிப்பீடியாவின் தரவுக் களஞ்சியமான விக்கித்தரவு அதைத்தான் ஏற்கும். ஐரோப்பியப் பண்பாட்டுச் சேகரிப்புகளை ஒன்றுதிரட்டும் யூரோப்பியானா தளம் 2012 முதலே தன் தரவு முழுவதையும் அப்படித்தான் தருகிறது.

குறிப்புகள் பூரணமாகும் வரை காத்திருப்போம் என்ற வாதமும் வரும். காத்திருக்க வேண்டாம். ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் 2008 டிசம்பரில் 80,000க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா பொதுவகத்துக்குக் கொடுத்தபோது, குறிப்புகளில் பிழை கண்டவர்கள் அவற்றைச் சுட்டிக்காட்டத் தனிப் பக்கமே திறக்கப்பட்டது. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் அதில் திருத்தப்பட்டன.

திறக்கக் கூடாதவை

எல்லாவற்றையும் திற என்பது முழக்கமாக நன்றாயிருக்கும். மனித எச்சங்களின் படங்கள், ஒரு சமூகம் வெளியார் பார்க்கக் கூடாது என்று கருதும் சடங்குப் பொருட்கள், உயிரோடிருப்பவர்களின் மருத்துவக் குறிப்புகள், பேசியவர் ஒப்புதல் தராத வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லாவிட்டாலும் கைவைக்காதீர்கள். காலனிய காலத்தில் எடுத்துவரப்பட்ட பொருள் என்றால், உரிமம் பற்றிப் பேசும்முன் அந்தப் பொருளுக்குரிய மக்களிடம் பேச வேண்டும். இந்தப் பட்டியலை நீங்களே முதலில் எடுத்துவைத்தால் காப்பாட்சியர்கள் மனம் இளகுவதைப் பார்க்கலாம்.

ஏற்றியதோடு காணாமல் போவது

படங்கள் ஏறியபின் நிறுவனத்துக்கு ஒரு வரிகூட எழுதாதவர்களே அதிகம். அடுத்த தொகுதி வராமல் போக இதுவே போதும். மூன்றாம் மாதமும் ஓராண்டிலும் ஒரு பக்க அறிக்கை அனுப்புங்கள்: எத்தனை படங்கள் எத்தனை மொழிக் கட்டுரைகளில் இடம்பெற்றன, அந்தப் பக்கங்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன, என்னென்ன திருத்தங்கள் வந்தன. பொதுவகப் படங்கள் எங்கெங்கே பயன்படுகின்றன என்று எண்ணும் கிளாமரஸ் கருவி முதல் கணக்கைத் தரும். பக்கம் திறக்கப்பட்ட எண்ணிக்கையைப் படம் பார்க்கப்பட்ட எண்ணிக்கையாகக் காட்டாதீர்கள். நீண்ட கட்டுரையின் அடியில் இருக்கும் படம்வரை எல்லோரும் வருவதில்லை. வந்த திருத்தங்களை அவர்களுடைய பட்டியலின் நெடுவரிசை ஒழுங்கிலேயே திருப்பிக் கொடுங்கள், அப்படியே ஏற்றிக்கொள்ளும்படி.